குளவி வேடத்தில் ஓர் அந்துப்பூச்சி

மைசூரு என்றதும் பலருக்குச் சந்தனம் நினைவுக்கு வரும். 1792-இல் திப்பு சுல்தான் சந்தன மரத்தை அரசுக்கே உரியதாக அறிவித்தார். 1917-இல் மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கியது. மனிதர் மரத்தின் வயிரத்தைத் தேட, அதன் இலையை நம்பிப் பிழைக்கும் ஓர் அந்துப்பூச்சியும் உண்டு. அதன் அறிவியல் பெயர் அமாட்டா பாசாலிஸ். 1781-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் இதை முதலில் விவரித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது.

அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை இரவில் விளக்கைச் சுற்றுபவை. இதுவோ பட்டப்பகலில் பூவுக்குப் பூ தேன் தேடிப் போகிறது. பறவைகளின் கண்ணில் படாமல் இருக்க முடியாது. ஆகவே குளவி வேடம் பூண்டிருக்கிறது. கறுத்த வயிற்றில் மஞ்சள் பட்டைகள். கறுத்த இறக்கைகளில் கண்ணாடிச் சன்னல் வைத்தாற்போலத் திட்டுகள். அந்த இடங்களில் செதில்கள் இல்லாததால் வெளிச்சம் ஊடுருவுகிறது. பின்னிறக்கைகள் மிகச் சிறியவை. குளவியிடம் ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை, இந்த மஞ்சளையும் கறுப்பையும் கண்டால் ஒதுங்கிப்போகும். தீங்கற்ற உயிர் ஆபத்தான உயிரைப் போல் தோற்றம் கொண்டு பிழைக்கும் இந்த உத்தியை, அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862-இல் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

ஆணும் பெண்ணும் வால் நுனிகள் இணைய, எதிரெதிர்த் திசை பார்த்தபடி இலைமேல் நெடுநேரம் அமர்ந்திருக்கும். பின்னர்ப் பெண் கூட்டமாக முட்டையிடும். வெளிவரும் புழு, உடலெங்கும் மயிர்க்கொத்துகள் கொண்ட கம்பளிப்புழு. சந்தனத்தோடு காராமணி போன்ற வேறு செடிகளையும் தின்னும். பலமுறை தோலுரித்து வளர்ந்தபின், பட்டிழையோடு தன் மயிர்களையும் சேர்த்து மெல்லிய கூடு பின்னி, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. மைசூருக்குப் பெயர் தந்த பட்டும் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டிலிருந்து வருவதே; ஆனால் இதன் கூட்டில் நூற்கத்தக்க நீள இழை கிடையாது.

நாற்றங்காலில் புழுக்கள் பெருகினால் கன்றுகள் இலையிழந்து வாடும்; அங்கே கண்காணிப்பு வேண்டும். வளர்ந்த மரம் சில இலைகளை இழந்தாலும் மீண்டும் தளிர்க்கும். ஆகவே தோட்டத்தில் மெதுவாகப் பறக்கும் ‘குளவி’ ஒன்றைக் கண்டால் அடிக்க ஓடாதீர்கள். இடுப்பைப் பாருங்கள்: குளவிக்கு நூல் போன்ற இடை, இதற்கு அது இல்லை. கொடுக்கும் இல்லை. இது யாரையும் கொட்டாது.