பஞ்சமி அமர்ந்த பள்ளி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் உள்ளன. பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாட்டு எல்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் இன்றும் அங்கே உண்டு. அத்தாலுகாவைச் சேர்ந்திருந்த ஊரூட்டம்பலம் என்னும் சிற்றூர்ப் பள்ளியின் வரலாறு, பிழைப்பை நாடிப் பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

மக்கட் கல்விக்கான செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் ஆணையிட்ட ஆண்டு 1817. ஆயினும், வயலில் உழைத்த புலையர் முதலிய மக்களின் குடிசைகளை அந்த ஆணையின் பயன் எட்டவில்லை. அவர்கள் பிள்ளைகள் பள்ளி வாயிலை நெருங்கவும் இயலாத காலம் நெடிது நீண்டது.

இக்கொடுமையை எதிர்த்து எழுந்தவர், 1863இல் வெங்கானூரில் பிறந்த அய்யங்காளி. அவர் எழுத்தறியாதவர், ஆனால் எழுத்தின் அருமையை நன்கறிந்தவர். தம் மக்களுக்கென அவர் அமைத்த சிறு பள்ளிக்கூடம் தீக்கிரையாயிற்று. அவர் தளரவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையேல் உங்கள் வயலில் எங்கள் உழைப்பும் இல்லை என்று உழவுத் தொழிலாளர் அவர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்கு முன்னே கல்வியைக் கேட்ட அப்போராட்டம் வியத்தற்குரியதன்றோ!

பின்னர் அரசாணையைத் துணைக்கொண்டு, பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமியை அய்யங்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். சிறுமி பெஞ்சில் அமர்ந்தாள். அதனைப் பொறாதார் கலகம் விளைத்தனர். பள்ளிக்குத் தீ வைத்தனர். ஏழைகளின் குடியிருப்புகளும் தாக்கப்பட்டன. ஒரு குழந்தை அமர்ந்த இருக்கைக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது.

தீயில் பாதி கருகியதாகச் சொல்லப்படும் பெஞ்சொன்று அப்பள்ளியில் இன்றும் பேணப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கு அய்யங்காளி–பஞ்சமி நினைவுப் பெயர் சூட்டப்பட்டது. இன்று அங்கே பயிலும் சிறுவர் சிறுமியர் பேதமின்றி அருகருகே அமர்ந்து பாடம் கேட்கின்றனர். அவர்களுக்கு அது அன்றாட நிகழ்ச்சி; அவ்வன்றாடத்திற்காகவே அன்று அத்துணைப் பேர் அல்லலுற்றனர்.

அன்பர்களே! அயலூரில் நம் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்குமோ, அவன் தாய்மொழி மதிக்கப்படுமோ என்று நாம் கவலுறுகிறோம். நியாயமான கவலையே. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என அரசியலமைப்பின் 350-அ பிரிவும் கூறுகிறது. அவ்வுரிமையை நாம் கேட்டுப் பெறுவோம். அதனோடு, நம் பிள்ளையின் அருகே அமரும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று வினவாதிருக்கவும் கற்போம். இன்றிரவு உணவு வேளையில் பஞ்சமியின் கதையை உங்கள் குழந்தைகளுக்குக் கூறுங்கள்.