லெட்சுமி என்னும் பெயர்

மலாக்கா மாநிலத்தின் லூபோக் சீனா வட்டாரத்திலும் பிற மலேசியத் தோட்டப்புறங்களிலும் மூத்த தலைமுறைப் பெண்களிடையே லெட்சுமி என்னும் பெயர் பெருவழக்கினது. அடையாள அட்டையில் அது பெரும்பாலும் எல், இ, டி, சி, எச், யு, எம், ஐ என்னும் எட்டு உரோம எழுத்துகளில் அமையும். தோட்ட எழுத்தர் செய்த பிழையெனக் கருதி இதனை லட்சுமி எனத் திருத்தும் ஆசிரியரும் உளர். அத்திருத்தம் வேண்டாதது.

லக்ஷ்மி என்னும் வடசொல்லின் முதற்பொருள் அடையாளம் என்பதாகும். இருக்கு வேதத்தில் அப்பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. நற்பேறு, செல்வம், திருமகள் என்னும் பொருள்கள் பின்னர்க் கிளைத்தவை. வள்ளுவர் செய்யவள், தாமரையினாள் என்றே அவளைச் சுட்டினார். லகரம் மொழிக்கு முதலாகாமையின் இகரம் முன்வர, இலக்குமி என்பது இலக்கிய வடிவமாயிற்று, இலக்குவனும் அவ்வாறே.

பேச்சுமொழி வேறு வழியில் சென்றது. ரத்தம் ரெத்தமாகவும் பலம் பெலமாகவும் ஒலிக்கக் கேட்கிறோம். கடன்சொற்களின் முதலில், ஒலிப்புடை மெய்யை அடுத்த அகரம் எகரமாதல் தமிழ்ப் பேச்சின் இயல்பு. லெட்சுமியும் அவ்வகையினதே. கப்பலேறி வந்தவர்களின் வாய்மொழி, செவிவழியாகப் பதிவேட்டில் நிலைத்தது (எழுத்தரின் செவி நன்செவியே!). தமிழ்நாட்டிலும் இவ்வொலிப்பு உண்டு. எனினும் அங்கு உரோம எழுத்தில் லக்ஷ்மி என்றெழுதுவதே மிகுதி.

இன்று இப்பெயரைத் தனித்து இடுவோர் குறைவு. தோட்டப் பதிவேடுகளை ஆராய்வோர் இவ்வடிவங்களை வெவ்வேறு பெயர்களாக எண்ணின் கணக்குப் பிழைபடும். பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்தைத் திருத்தினாலும் அது அடையாள அட்டையோடு பொருந்தாது. அதன் அல்லலைச் சுமப்பவர் திருத்திய ஆசிரியர் அல்லர்.