கை அசைந்தால் கட்டளையா?

ஆப்பிள் நிறுவனம் 2023-இல் சீரீஸ் 9, அல்ட்ரா 2 கடிகாரங்களுடன் ‘டபுள் டேப்’ வசதியைக் கொண்டுவந்தது. கடிகாரம் கட்டிய கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இருமுறை தட்டிக்கொண்டால் போதும். திரையைத் தொடாமலே போனை எடுக்கலாம், அலாரத்தைத் தள்ளிப்போடலாம், பாட்டை நிறுத்தலாம். சாம்சங்கிலும் இதுபோன்ற சைகைகள் உண்டு. இவற்றைப் பற்றி வரும் புகாரெல்லாம் இரண்டே வகைதான்: கூப்பிட்டால் வருவதில்லை, கூப்பிடாதபோது வந்து நிற்கிறது. சென்சார் மட்டம் என்று பழி போடுவது எளிது. கோளாறு அங்கே இல்லை.

அசைவை அளக்கும் முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும், இதயத் துடிப்பைப் பார்க்கும் ஒளி சென்சாரும் சேர்ந்து, விரல் தட்டும்போது ரத்த ஓட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடுகின்றன. ஆனால் விரல் தட்டியதா என்பது பாதிக் கேள்வி. தட்டியது கட்டளையா, சட்டைப் பொத்தான் போட்டதா என்பதே மீதி. கடிகாரம் நாளுக்கு 15 மணி நேரம் கையில் இருக்கிறது, நொடிக்கு ஒருமுறை தீர்ப்புச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 54,000 தீர்ப்புகள். அதில் 99.9 சதவீதம் சரி என்றாலும் 54 பிழைகள் மிஞ்சும். அதைக் குறைக்கக் கண்டிப்பைக் கூட்டினால், நிஜக் கட்டளைகளும் வாசலிலேயே நின்றுவிடும். கண் பார்வையால் கணினியை இயக்கும் ஆய்வில் 1990-இலேயே ராபர்ட் ஜேக்கப் இந்தச் சிக்கலுக்கு, தொட்டதெல்லாம் பொன்னாகித் தவித்த புராணக்கதை மைடாஸ் மன்னனின் பெயரை வைத்தார்: பார்த்ததெல்லாம் கட்டளையானால் நிம்மதியாக எதையும் பார்க்க முடியாது. அதனால்தான் நிறுவனங்கள் பூட்டுப் போடுகின்றன. திரை விழித்திருந்தால் மட்டுமே டபுள் டேப் வேலை செய்யும். ஆகவே முதலில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கடிகாரக் கை பேருந்துக் கம்பியைப் பிடித்திருந்தால் அதற்கும் வழியில்லை.

குரலிலும் இதே கதைதான், விலை மட்டும் அதிகம். 2018-இல் வந்த ஆப்பிள் கடிகார மென்பொருளான வாட்ச்ஓஎஸ் 5-இல், கையை வாயருகே கொண்டுபோய்ப் பேசினாலே குரல் உதவியாளர் சிரி கேட்கும் என்றானது. அழைப்புச் சொல்கூட வேண்டாம். மறு ஆண்டே, தவறுதலாக விழித்த சிரி பதிவுசெய்த அந்தரங்கப் பேச்சுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்பதாக ‘தி கார்டியன்’ செய்தி வெளியிட்டது. அப்படி அடிக்கடி விழிப்பவற்றில் கடிகாரமும் ஒன்று என்று அந்தச் செய்திக்குத் தகவல் தந்தவர் சொன்னார். ஆப்பிள் அந்த ஏற்பாட்டை நிறுத்தி மன்னிப்பும் கேட்டது.

இயந்திரக் கற்றல் வளர வளர இதெல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பிழை குறையும், உண்மைதான். ஆனால் மனதில் இருந்த நோக்கம் ரத்த ஓட்டத்தில் எழுதியிருப்பதில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: ஒரு கை இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம் ஆயிற்றே? ஆம். சொல்லப்போனால் டபுள் டேப்புக்கு முன்னோடியே அவர்களுக்காக 2021-இல் வந்த ‘அசிஸ்டிவ் டச்’தான். அங்கே விரல் கிள்ளலும் முஷ்டி மடக்கலும் எதைச் செய்ய வேண்டும் என்பதை அணிபவரே அமைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது சைகையால் விழிக்கவைத்து, வேண்டாதபோது விட்டுவிடலாம். எல்லோருக்கும் என்று வந்த டபுள் டேப்பிலோ, எந்தச் செயலியில் என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவுசெய்துவிட்டது. பாட்டு, விட்ஜெட்டுகளை அடுக்கிக் காட்டும் ஸ்மார்ட் ஸ்டாக் போன்ற ஓரிரு இடங்களில்தான் நமக்குத் தேர்வு. அதே சுதந்திரத்தை இங்கும் திறந்துவிடப் புதிய சென்சார் எதுவும் தேவையில்லை.