கற்பனை அணியும் கணக்குப் பாடமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

புள்ளியியல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவை மக்கள்தொகைக் கணக்கும் மழை அளவுப் பட்டியலுமே. அதைத் துணைப்பாடமாகப் படிக்கும் எங்களுக்கு அது வாய்பாடுகள் நிறைந்த இன்னொரு தேர்வுத்தாள். அந்தப் பாடம் நத்தம் மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கிரிக்கெட்டுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கிரிக்கெட் பிடிக்காத தோழியரும் துணிந்து படிக்கலாம். இதில் மட்டையைவிடக் கணக்குத்தான் அதிகம்.

கற்பனை அணி என்றால் என்ன? உண்மையில் நடக்கும் ஆட்டத்தின் வீரர்களிலிருந்து நமக்கென ஓர் அணியைப் பொறுக்கிக் கொள்கிறோம். களத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் நமக்குப் புள்ளி. 1962-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த விங்கன்பாக் என்பவரும் அவர் நண்பர்களும் அந்நாட்டுக் கால்பந்துக்காக இதை உருவாக்கினர். இன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் இவ்வாறு ஆடுகின்றனர். நம்மூருக்கு இது கிரிக்கெட் உருவத்தில் வந்து சேர்ந்தது.

2025-ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியின்போது என் தோழியர் நால்வர் இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆடினர். ஓர் ஓட்டத்திற்கு 1 புள்ளி, விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8. தலைவராக ஒருவரைக் குறிக்கலாம். அவருடைய புள்ளி இரட்டிப்பாகும். பணம் ஒரு பைசாக் கிடையாது. கணக்குப்பிள்ளை வேலை என்னுடையது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் முதலில் பார்ப்பது சராசரியைத்தான். சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடும். இதற்கு நம் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியின் அசுவினைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஐ.பி.எல். போட்டிகளில் அவர் 221 ஆட்டங்களில் எடுத்தவை 833 ஓட்டங்கள். ஆட்டத்திற்கு நான்கு ஓட்டம்கூட இல்லை. இதை மட்டும் பார்த்தவர் 2024-இன் இறுதிக்கட்ட ஆட்டங்களில் அவரை மட்டையாளராக மதித்திருக்க மாட்டார். ஆனால் நடந்தது என்ன? வெளியேற்றுச் சுற்றில் சேப்பாக்கம் அணிக்கு எதிராக 35 பந்துகளில் 57. இரண்டாம் தகுதிச் சுற்றில் திருப்பூருக்கு எதிராக 30 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 69. ஆகஸ்டு 4 அன்று சேப்பாக்கத்தில் கோவையுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் 46 பந்துகளில் 52. கோப்பை திண்டுக்கல்லுக்கு!

அதிசயம் என்று நம் தெருவெல்லாம் பேசிக் கொண்டது. கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஓட்டம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: சந்தித்த பந்துகள், பந்துக்கு எடுக்கும் வேகம். ஐ.பி.எல்.லில் அவருடைய வேகம் நூறு பந்துக்கு 118. அப்படியானால் ஆட்டத்திற்கு அவர் சந்தித்தது ஏறக்குறைய மூன்றே பந்துகள். கடைசியில் இறங்குபவருக்கு அதற்கு மேல் எங்கே கிடைக்கும்? இந்த மூன்று ஆட்டங்களில் அவர் முன்வரிசையில் இறங்கினார். 111 பந்துகள், 178 ஓட்டங்கள். அதாவது ஆட்டத்திற்கு 37 பந்து, வேகம் நூற்றுக்கு 160. வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. எதிரே வீசியவர்கள் ஐ.பி.எல். தரத்தினர் அல்லர் என்பதால் அந்த ஏற்றத்திலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பந்துகளோ பதினோரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டன. டெஸ்ட் போட்டிகளில் ஆறு சதம் அடித்தவருக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வாய்ப்புத்தான் இல்லாமல் இருந்தது.

ஆகவே நான் நோட்டில் வரைந்த முதல் பத்தி ஓட்டமன்று, 'சந்தித்த பந்துகள்'. ஒருவர் எத்தனை ஓட்டம் எடுப்பார் என்பது நாளுக்கு நாள் ஆடும். எந்த இடத்தில் இறங்குவார், எத்தனை ஓவர் வீசுவார் என்பது அவ்வளவாக மாறுவதில்லை.

என் தந்தை பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே திண்டுக்கல் பூட்டுத்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்தியே. மூன்று ஆட்டத்தை வைத்து ஒருவரை எடை போடலாமா என்று அவரிடம் கேட்டேன். “ஒரு தடவ தொறந்துச்சுன்னு பூட்டக் கட்டி அனுப்பிருவாகளா? பல தடவ பூட்டித் தொறந்து பாக்கணும். அப்பவும் நூத்துல ஒண்ணு சிக்கும்” என்றார். சிறு கூறு, பெருங் கூறு என்று எங்கள் பாடநூல் ஓர் இயல் முழுவதும் சொல்வது இதைத்தான்.

பந்துவீச்சாளர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவருக்கு 24 பந்துகளுக்கு மேல் கிடையாது. எனவே வாய்ப்பு ஏறக்குறைய நிலையானது. ஆனால் விக்கெட் என்பது அரிய நிகழ்ச்சி. அரிய நிகழ்ச்சிகளுக்கென்றே பாய்சான் பரவல் இருக்கிறது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அதற்குப் பொருந்துவதை 1898-இல் போர்ட்கீவிச் காட்டினார். ஆட்டத்திற்குச் சராசரி 1.2 விக்கெட் எடுக்கும் நல்ல பந்துவீச்சாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒன்றுமே எடுக்காத நிகழ்தகவு 0.30. பத்தில் மூன்று நாள் வெறுங்கை! அந்த நாட்களில் அவரைத் திட்டுவது நியாயமன்று.

இனி இறுதி ஆட்டத்துக்கு வருவோம். இங்குதான் பாடநூலில் இல்லாத ஒன்றைக் கற்றேன். தலைவரின் புள்ளியை இரட்டித்தால் சராசரி இரு மடங்காகும். பரவற்படியோ நான்கு மடங்காகும். அது நல்லதா கெட்டதா என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே தலைவரை வைத்தால், அவர் நூறு அடித்தாலும் சுழியம் அடித்தாலும் இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அசையாது. எனவே முன்னால் இருப்பவள் எல்லோரும் எடுப்பவரையே எடுக்க வேண்டும். பின்தங்கியவள் வேறொருவரைத் தேட வேண்டும்.

2025 ஜூலை 6 அன்று நத்தத்தில், நம் மண்ணிலேயே, திண்டுக்கல்லும் திருப்பூரும் மோதின. முதலிடத்தில் இருந்த தோழி ஊர்ப் பாசத்தோடு திண்டுக்கல் முன்வரிசை வீரர் ஒருவரைத் தலைவராக்கினாள். மற்ற இருவரும் அவ்வாறே செய்தனர். 40 புள்ளி பின்தங்கி மூன்றாம் இடத்தில் இருந்தவள் மட்டும் திருப்பூரின் துஷார் ரஹேஜாவை எழுதினாள். அவர் தொடக்க ஆட்டக்காரர். பந்துகள் பத்தியில் மேலே இருந்தவர். “துரோகி” என்று மூவரும் சிரித்தனர். ரஹேஜா 46 பந்துகளில் 77 எடுத்தார். திருப்பூர் 220, திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. நோட்டில் முதலிடம் மாறிற்று. அவள் தேர்வு வென்றதால்தான் சரி என்று நான் சொல்லவில்லை. ரஹேஜா முதல் பந்திலேயே போயிருந்தாலும், 40 புள்ளி பின்தங்கியவளுக்கு அதுவே சரியான தேர்வு.

இவ்வளவும் எழுதிவிட்டு, பணத்தைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனமில்லை. என் அண்ணனும் பட்டறைக்குத்தான் போகிறான். செல்போனில் பணம் கட்டி இந்த ஆட்டத்தை ஆடி வந்தான். சில வாரங்களில் சனிக்கிழமைக் கூலியில் பாதி வீடு வந்து சேரவில்லை. ஒரு நாள், “பாப்பா, நீ புள்ளிவிவரம் படிக்கிறேல்ல, நாளைக்கு யாரக் கேப்டனாப் போடலாம்னு பாத்துச் சொல்லு. விட்டதப் புடிச்சிரலாம்” என்றான்.

கேப்டனைச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பு மதிப்பைச் சொன்னேன். பத்துப் பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள், மொத்தம் 500. நடத்துபவர் நூற்றுக்கு 15 வீதம் 75 எடுத்துக் கொண்டால் மீதி 425. பத்துப் பேருக்கும் சராசரியாகத் திரும்புவது ஆளுக்கு 42 ரூபாய் 50 காசு. யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு நுழைவிலும் ஏழரை ரூபாய் போகிறது. ஆட்டத்திற்கு நான்கு அணி என்றால் 30 ரூபாய். ஓர் ஐ.பி.எல். பருவத்தின் 74 ஆட்டங்களுக்கு 2,220. எங்கள் நோட்டில் அந்த ஏழரை இல்லை. அதனால்தான் அது விளையாட்டு. அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பேரே ஏழரையா இருக்கே!” என்றான்.

அதன் பின்னும் சில நாள் ஆடினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. இப்போது அவன் எங்கள் நோட்டில் ஐந்தாவது ஆள். அடுத்த தொடருக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிற துறைத் தோழியரும் சேரலாம். மதிய இடைவேளையில் கணிதத் துறை வராந்தாவுக்கு வந்தால் போதும். வரும்போது பென்சில் கொண்டு வரவும். பேனாவால் எழுதினால் கடைசி நேரத்தில் தலைவரை மாற்ற முடியாது.