ஒரு புள்ளிக்கு இரண்டு கண்கள்

கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம் மகளுக்குப் படம் பிடிப்பதில் ஆசை மிகுந்திருப்பதாகவும், கடைக்காரர் ‘மிரர்லெஸ்’ காமிரா ஒன்றைக் காட்டி, இதில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, பொத்தானை அழுத்துவது ஒன்றே உங்கள் வேலை என்று உறுதி கூறியதாகவும், கையில் நல்ல செல்போன் இருக்கையில் இதற்கென்று அரை லட்சத்துக்கு மேல் செலவிடுவது தகுமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்காரர் காட்டியது 2023-இல் வெளிவந்த கானன் ஆர்50. ஆரம்ப நிலையினருக்கென்றே செய்யப்பட்டது. பாட்டரியும் கார்டும் சேர்ந்து 375 கிராம். கண்ணாடி இல்லை என்பதையே ஒரு விசேஷ குணமாக விளம்பரம் பேசுகிறது. அப்படிப் பார்த்தால் வாசகருடைய சட்டைப்பையில் இருக்கும் செல்போனிலுந்தான் கண்ணாடி இல்லை.

சரித்திரம் சொல்லாவிட்டால் கட்டுரை ஆகாது என்று பத்திரிகை ஆசிரியர் கருதுவாராதலால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் காணும் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதற்காக உள்ளே சாய்ந்து நின்ற கண்ணாடி, 1954-இல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸில் படம் எடுத்த மறுகணமே தானாக இறங்கக் கற்றுக்கொண்டது. 2008-இல் பானசோனிக் ஜி1 அதை அடியோடு நீக்கியது. 2013-இல் கானன் 70டி, கண்ணாடியைத் தான் வைத்துக்கொண்டே, ஃபோகஸ் விஷயத்தில் அதைத் தேவையற்றதாக்கும் சூக்ஷ்மம் ஒன்றைச் சென்சாரில் புகுத்தியது. என் மனத்தைக் கவர்ந்தது அந்தச் சூக்ஷ்மமே.

ஆர்50-இன் சென்சாரில் உள்ள 2 கோடியே 42 லட்சம் புள்ளிகளில் ஒவ்வொன்றும் சுமார் 3.7 மைக்ரான் அகலமுள்ளது. அதன் தலைமேல் ஒரு நுண்லென்ஸ். அதனடியில், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், ஒளியை மின்சாரமாக்கும் டையோடுகள் இடமும் வலமுமாக இரண்டு. பெரிய லென்ஸின் வலப்பாதி வழியாக நுழைந்த கிரணங்களை இடது டையோடிலும், இடப்பாதி வழியாக நுழைந்தவற்றை வலது டையோடிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த நுண்லென்ஸின் தொழில். இடது டையோடுகள் யாவும் தரும் செய்தியைத் தொகுத்தால் ஒரு பிம்பம். வலதுகளினுடையதைத் தொகுத்தால் மற்றொன்று. ஃபோகஸ் சரியாக அமைந்திருந்தால் இரண்டும் பிசகின்றிப் பொருந்தும். முன்னே தள்ளியிருந்தால் ஒரு பக்கமாகவும், பின்னே தள்ளியிருந்தால் எதிர்ப்பக்கமாகவும் விலகி நிற்கும். எவ்வளவு பிசகோ அவ்வளவு விலகல். எத்திசையில், எத்தனை தூரம் நகர வேண்டும் என்ற இரண்டும் லென்ஸின் மோட்டாருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகின்றன. அளந்து முடிந்தபின் இரு டையோடுகளின் கணக்கையும் கூட்டினால் அதுவே படத்தின் புள்ளி. அளப்பதற்கென்று ஒளியில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க வேண்டியதில்லை.

இது இல்லாத மலிவான டிஜிட்டல் காமிராக்கள், லென்ஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். சமையல் தெரியாத மாப்பிள்ளை சாம்பாருக்கு உப்புப் போடும் முறை அது: சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ருசித்து, கரித்த பிறகுதான் சரியான பதத்தைத் தாண்டி வந்துவிட்டதை அறிவான். இரு டையோடு முறையோ, ஓர்ப்படியர் இருவரை உட்கார்த்திவைத்து ருசி பார்க்கச் சொல்வது. அவர்கள் சொல்வதில் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே மாமியார் வேண்டிய உப்பை ஒரே கையில் அள்ளிப் போட்டுவிடுவாள். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஓர்ப்படியர் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்தால் அபிப்பிராய பேதம் பளிச்சென்று தெரியும். ஒரே மணையில் நெருங்கி உட்கார்ந்தால் ஒருத்தி முகத்தைப் பார்த்து மற்றவளும் அதையே சொல்லிவிடக்கூடும். நகர்ந்த லென்ஸ் திரும்பி வரும், போட்ட உப்பு வராது என்பதால் உவமையை இத்துடன் அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறேன்.

இடம், வலம் என்றே பிரிவு இருப்பதனால் இதற்கு ஒரு குருட்டுத்தனமும் உண்டு. படுக்கைக் கோடுகளை மட்டுமே காட்டினால், படிக்கட்டைப் போல, பிம்பம் பக்கவாட்டில் விலகினாலும் விலகியதாகத் தெரியாது, காமிரா தடுமாறக்கூடும். சற்றே சாய்த்துப் பிடித்தால் தெளிந்துவிடும்.

இனி மணை விஷயம், அதாவது லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பது. ஆர்50-உடன் கூட்டி விற்கப்படும் 18-45 மி.மீ. கிட் லென்ஸில், அகலக் காட்சிக்கு f/4.5, நெருங்கிய காட்சிக்கு f/6.3; அதாவது, ஒளி நுழையும் வாயின் விட்டம் முறையே 4 மி.மீ., 7 மி.மீ. உயர்ந்த செல்போன்களின் பிரதான லென்ஸுக்கும் வாய் ஏறக்குறைய அதே 4 மி.மீ. தான்! ஆகவே, அகலக் காட்சியில் சென்சார் பெரிது என்று பேசப்படும் பெருமையை வாய் சிறிது என்னும் குறை பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அந்தி நேரத்துக் கூடத்தில் எடுத்த படம் செல்போனுடையதைவிட மேலாக இல்லையே என்று புதியவர்கள் மனம் சோர்வதற்குக் காரணம் இதுவேயன்றி அவர்களுடைய கைத்திறனன்று. இதே காமிராவில் 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. f/1.8 லென்ஸைப் பொருத்தினால் வாய் 28 மி.மீ. ஆகிறது. ஒரே தூரத்திலுள்ள முகத்திலிருந்து நுழையும் ஒளி, கிட் லென்ஸின் 45 மி.மீ. முனையோடு ஒப்பிட, சுமார் 15 மடங்கு. இரு டையோடுகளின் பார்வைகளுக்கு நடுவேயுள்ள தூரமும் 4 மடங்கு கூடுவதால், பிசகு இன்னும் நுட்பமாக அகப்படுகிறது. பின்னணி கரைந்து முகம் தனித்து நிற்பதும் இதன் பிரசாதமே. குறையும் உண்டு: கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு காமிரா உடலிலும் இல்லை, இந்த லென்ஸிலும் இல்லை, சிறிய அறையில் பின்வாங்க இடமும் போதாது.

செயற்கை நுண்ணறிவு என்று கடைக்காரர் சொன்னது, சட்டத்துக்குள் முகம் எங்கே, கண் எங்கே, நாய் எங்கே என்று அடையாளம் காணும் திறமை மாத்திரம். அது மெய்யாகவே நன்றாக வேலை செய்கிறது; ஆனால் எதை அளப்பது என்று அது சுட்டிக் காட்டுமே தவிர, அளப்பது மேற்சொன்ன டையோடுகள்தாம்; எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதை இரண்டும் அறியா. சப்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: சென்சார் வரி வரியாக வாசிக்கப்படுவதால், சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் படத்தில் அரிவாளாய் வளையும், சிலவகை எல்இடி விளக்குகளின் கீழ், கல்யாண மண்டபத்தில், மணமக்கள்மீது பட்டை பட்டையாகக் கோடுகள் விழும்.

ஆகவே வாசகருக்கு என் அபிப்பிராயம் இது: ஆர்50 தகும், கிட் லென்ஸோடு நின்றுவிட்டால் தகாது. கடையில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தித் தரச் சொல்லி, வெளிச்சம் மங்கிய மூலையில் படம் எடுத்துப் பார்க்க உங்கள் மகளிடமே சொல்லுங்கள். இரண்டுக்கும் பணம் போதாவிட்டால், கைமாறிய காமிரா உடல் ஒன்றை வாங்கிக்கொண்டு லென்ஸைப் புதிதாக வாங்குங்கள்.