புதையுண்ட இசையும் மணி அகழ்ந்த பாடகரும்

இசை காலத்தை வெல்லும் என்பர். வெல்வது இசை மட்டுந்தானா, அதனை ஆக்கியோனும் உடன் வெல்கின்றானா என்னும் ஐயம் அண்மையில் என் நெஞ்சில் எழுந்தது. முன்னர் என்னிடம் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் தம் இல்லத்தில் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டமையே அதற்குக் காரணமாயிற்று. ஆபிரிக்காவிலுள்ள சாம்பியா நாட்டு 'விச்' குழுவினர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லேசி போன்ஸ்' என்பதன் மறுபதிப்பு அது. மின்கித்தார் உறுமிற்று. என் செவி முதலில் வெருண்டது. பின்னர் அடங்கியிருந்து கேட்டது.

சாம்பியா விடுதலை பெற்றது 1964இல். வானொலியில் நாட்டவர் இசையே மிகுதியும் ஒலித்தல் வேண்டும் என்பது அதிபர் கென்னத் கவுண்டாவின் விருப்பம். செப்புச் சுரங்க நகர்களின் இளைஞர்கள் அதனைத் தமக்கேற்ற வகையில் நிறைவேற்றினர். மேனாட்டு றொக் இசையையும் ஜேம்ஸ் பிறவுண் வழிவந்த ஃபங்க் இசையையும் தம் மண்ணின் தாளங்களோடு கலந்தனர். அக்கலப்பே 'சாம்றொக்'. விச் குழுவின் பாடகர் இம்மானுவேல் சண்டா 'ஜகாரி' எனப் பெயர்பெற்றார்; ஆங்கிலப் பாடகர் மிக் ஜாகரின் பெயர் ஆபிரிக்க உருக்கொண்டவாறு அது.

அவ்வாழ்வு நீடிக்கவில்லை. எழுபதுகளின் நடுவிற் செப்பின் விலை சரிந்தது. நாட்டின் வருவாயும் உடன் சரிந்தது. அயல்நாடுகளின் போர் காரணமாக ஊரடங்கும் விளக்கணைப்பும் வந்தன. இரவுக் கச்சேரிகள் ஒழிந்தன. பின்னர் எய்ட்ஸ் நோய் கலைஞர் பலரைக் கவர்ந்து சென்றது. விச் குழுவின் தொடக்கக் கலைஞருள் எஞ்சியவர் ஜகாரி ஒருவரே. அவரோ மணிக்கல் அகழ்ந்து வயிறு வளர்த்தார்.

இதற்கிடையில் மேனாட்டார் அப்பழந்தட்டுக்களைத் தேடித் திரிந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கலாயினர். அமெரிக்காவின் 'நௌ-அகெயின்' நிறுவனம் விச் குழுவின் பாடல்களை மறுபதிப்புச் செய்தது. முதுமையில் ஜகாரி மீண்டும் மேடையேறினார். 2019இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. 2023இல் 'சாங்கோ' என்னும் புதிய இசைத்தொகுதியும் வெளியாயிற்று.

மகிழ்ச்சிதான். ஆயினும் தொடக்கக் குழுவில் உடன் வாசித்த தோழர் எவரும் அந்தக் கைதட்டலைக் கேட்டிலர். பழந்தட்டைக் கண்டெடுப்போர் முள்ளை வைக்குமுன் அதன் உறையிலுள்ள பெயர்களைப் படிப்பாராக; அவருள் எவரேனும் உளரோ என வினவுவாராக. உளராயின் அவர்க்கு உரிய பொருளையும் புகழையும் அவர் கையிற் சேர்ப்பிப்பதே முதற்கடன். தட்டு இன்னும் ஐம்பதாண்டு காத்திருக்கும், பாடியவர் காத்திரார்.