போளையோடும் பாதைகள்

மேட்டில் விட்ட போளை பள்ளம் நோக்கி ஓடும் என்பதைப் பிள்ளைக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனை எவ்வழியால் ஓடச்செய்வது என்பதே பிள்ளையின் கேள்வி. தமிழகத்தார் கோலி என வழங்கும் இப்போளைக்குப் பிள்ளை தானே தடம் அமைத்து, அது திரும்பியும் ஒளிந்தும் கீழே வந்துசேர்வதைக் கண்டு மகிழத்தக்க கட்டுமான விளையாட்டுக்கள் மேனாடுகளிற் பல உள. ஒரு பெட்டியோடு தொடங்கும் இவ்விளையாட்டு விரைவில் இரண்டாம் பெட்டியையும் மூன்றாம் பெட்டியையும் கேட்கும். விலையோ சிறிதன்று. வாங்கிச் சேர்ப்பதனால் விளையாட்டு வளருமா என்பது பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப்பார்க்கவேண்டிய வினா.

இவ்வகையிற் சிறந்ததாக நான் கருதுவது சுவிற்சர்லாந்து நாட்டுக் ‘கியூபோரோ’ ஆகும். விசேட கவனிப்பு வேண்டிய பிள்ளைகளை மனத்திற் கொண்டு மத்தியாஸ் எற்றர் என்பார் 1970களில் எண்ணிய எண்ணத்திலிருந்து அது பிறந்தது. பீச் மரத்தாற் செய்த கனவடிவக் கட்டைகள். பக்கம் ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றர். சிலவற்றின் முகத்திலே தவாளிப்பு, சிலவற்றின் உள்ளே சுரங்கம், சிலவற்றில் இரண்டும். பின்னர் வந்த பெட்டிகளும் இந்த அளவையே அடிப்படையாகக் கொண்டமையால், புதிய கட்டை பழையனவற்றோடு கூடி நிற்கும். ஓர் உயிரெழுத்துப் பதினெட்டு மெய்யோடும் கூடிப் பதினெட்டு உயிர்மெய்களைத் தருவதுபோல, ஒரு புதிய கட்டை பல புதிய பாதைகளைத் தருகின்றது. விரிவாக்கம் என்ற சொல்லுக்கு இதுவே பொருத்தமான பொருள்.

ஜேர்மன் நிறுவனமாகிய றேவன்ஸ்பேர்க்கர் 2017 இல் வெளியிட்ட ‘கிராவிற்றிராக்ஸ்’ வேறுவகை. அறுகோண ஓடுகளின்மேல் உருக்குக்குண்டு ஓடும். அதற்குச் சேர்க்கைகளாக விற்கப்படுவனவற்றுட் சில, ஒரேயொரு வேடிக்கையை மட்டும் காட்டுவன. மூன்றாம் நாள் அவ்வேடிக்கை பழகிவிடும். ஆயினும் அதன் காந்தப் பீரங்கியை நான் குறைகூறேன். மெல்ல வரும் குண்டைக் காந்தம் இழுக்க, மறுபுறத்துக் குண்டு சீறிப் பாய்கின்றது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது? வந்த குண்டு காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. அதனைப் பிடுங்கி எடுத்து மறுபடி ஒழுங்குசெய்யும் பிள்ளையின் விரல்களே அடுத்த வெடிக்கு வேண்டிய சத்தியை வழங்குகின்றன. இதனைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்குமாயின் கொடுத்த பணம் வீணன்று.

எத்தனை பெட்டி வாங்கினும் மாறாத கட்டுப்பாடு ஒன்றுண்டு. அது உயரம். நான்கு கட்டை உயரம், அதாவது 20 சென்ரிமீற்றர், கீழிறங்கும் போளை வழுக்காமல் உருண்டு, உராய்வால் எதனையும் இழக்காதெனக் கொண்டால், அடியிற் செக்கனுக்கு ஏறத்தாழ 1.7 மீற்றர் வேகம் பெறும். பாதை நீண்டதாயினும் குறுகியதாயினும் அதற்கு மேற் பெறாது. பாதையை நீட்டுந்தோறும் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உயரத்தைக் கூட்டாது தடத்தை மட்டும் நீட்டிய பிள்ளையின் போளை நடுவழியில் நின்றுவிடும். அவ்விடத்திலேதான் பிள்ளை சிந்திக்கத் தொடங்குகின்றது. உதவ விரையும் பெரியோர் சற்றுப் பொறுக்கவேண்டும். கலிலியோவும் மரத்தில் வெட்டிய தவாளிப்பில் வெண்கலக்குண்டை உருட்டியே, சம நேரங்களிற் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளர்வதைக் கண்டார். அவ்வாய்வு விவரிக்கப்பட்ட நூல் 1638 இல் வெளியாயிற்று.

இனி, மிகச் சிறிய உறுப்பொன்று விளையாட்டை எவ்வளவு பெருக்கும் என்பதற்கு ஒரு சான்று. போளை கடக்குந்தோறும் மறுபக்கம் சாயும் சிறு தட்டொன்றைத் தடத்தில் வையுங்கள். முதற் போளை இடப்புறம் செல்லும், இரண்டாவது வலப்புறம். வலப்புற வழியில் இன்னொரு தட்டு வைத்தால், அதன் வலவாயிலால் நான்கில் ஒன்றே வெளியேறும். நான்கு தட்டுக்களை இவ்வாறு அடுக்கினாற் பதினாறில் ஒன்று. தடம் எண்ணத் தொடங்கிவிட்டது! 1960களில் அமெரிக்காவில் விற்பனையான ‘டிஜி-கொம்ப் 2’ என்னும் விளையாட்டுக் கணினி, மின்சாரமின்றி உருளும் குண்டுகளைக் கொண்டே கூட்டவும் பெருக்கவும் வல்லதாயிருந்தது.

யப்பானிய சதுரங்கமாகிய சோகியில் 2017 இல் தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்ற புஜீ சோத்தா, சிறுவயதிற் கியூபோரோவோடு விளையாடியவர் என்ற செய்தி பரவியதும், அந்நாட்டுப் பெற்றோர் அதனைத் தேடித்தேடி வாங்கினர். கட்டை வாங்கினாற் கூர்மதி வந்துவிடும் என நம்புவது, ஏடு வாங்கினாற் புலமை வரும் என நம்புவது போன்றதே.

வகுப்பிற் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியருக்குப் பெட்டிகூட அவசியமன்று. தடித்த மட்டையை நீளவாக்கில் மடித்தால் தவாளிப்பு. பிளந்த மூங்கில் இன்னும் நன்று. மேசை உயரம் ஒன்றே. எல்லாக் குழுவினருக்கும் மட்டைகளை ஒரே எண்ணிக்கையிற் கொடுத்து, எவருடைய போளை தரையை அடைய மிகுந்த நேரம் எடுக்கின்றது என்று பாருங்கள். முதலிற் செங்குத்தாகச் சாய்த்தவர்கள் அரைமணி நேரத்துள் மட்டைகளைக் கழற்றி, வளைத்து வளைத்து மறுபடி கட்டத் தொடங்குவார்கள்.